ஜப்பான் அம்மாவைப் பார்க்கப் போகிறோம்: அவர் வீட்டில் தங்குவதா, அருகில் தங்குவதா, இங்கே அழைப்பதா?

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பிள்ளையாக ஓராண்டு வரை வாழ்ந்து திரும்பியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஏ.எஃப்.எஸ்., ரோட்டரி போன்ற அமைப்புகள் வழியாக முன்பு போனவர்கள் இன்று நடுவயதை எட்டிவிட்டார்கள். ஆசிய நாடுகளின் பள்ளி மாணவர்களை ஜப்பானுக்கு அழைக்க 2018இல் தொடங்கிய ஆசிய ககேஹாஷி திட்டத்தில் போன பிள்ளைகள் இப்போதுதான் வேலையில் சேர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இரு தலைமுறையினரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். தங்கவைத்த குடும்பத்தை மறுபடி பார்க்க வேண்டும். அவர்கள் வீட்டிலேயே தங்கலாமா, ஹோட்டலில் தங்கிப் போய்வரலாமா, அல்லது அவர்களை இங்கே அழைத்துவிடலாமா?

நான் இருந்தது இஷிகாவா மாகாணத்தில், கனசாவா நகரை ஒட்டிய ஒரு வீட்டில். ஆகவே எடுத்துக்காட்டுகள் அந்த ஊரைச் சுற்றியே வரும். என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலோருக்கு நல்லது, வீட்டுக்கு அருகில் ஹோட்டலில் தங்கி, ஒரு முழு நாளை அந்த வீட்டில் கழிப்பதுதான். விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் அவர்களுடைய வயது. உங்களைத் தங்கவைத்தபோது நாற்பத்தைந்து வயதில் சைக்கிளில் கடைக்குப் போய்வந்த அம்மா இன்று எழுபதைத் தொட்டிருக்கலாம். நம் நினைவில் அவருக்கு வயதாவதே இல்லை. திட்டம் போடும்போதாவது இன்றைய வயதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, நம் வரவால் அந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு வேலை கூடும் என்பது. மூன்றாவது, எத்தனை பேர் போகிறோம். அன்று ஒற்றை ஆளாய்ப் போனோம். இன்று கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். நான்காவது மொழி. உடன் வருபவர்களுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது என்றால் நாள் முழுவதும் நீங்களே மொழிபெயர்த்துக்கொண்டிருப்பீர்கள். அம்மாவோடு பேச வேண்டிய பேச்சு தங்கிப்போகும். ஐந்தாவது பணம்: உங்கள் கையிலிருந்து போவதும், உங்களுக்குத் தெரியாமல் அவர்கள் கையிலிருந்து போவதும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி. உங்களுக்கு வேண்டியது அந்த வீடா, அந்த மனிதர்களா? வீடுதான் என்றால் அது அங்கே இன்னும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகள் வெளியேறிய பின் மாடிவீட்டை விற்றுவிட்டு, ரயில் நிலையத்துக்கு அருகில் சிறிய அடுக்ககத்துக்குக் குடிபோகும் முதியவர்கள் ஜப்பானில் நிறையப் பேர்.

“எப்போது வேண்டுமானாலும் வா” என்று அவர்கள் எழுதுவது மனதாரச் சொல்வதுதான். ஆனால் அதை வைத்துத் தேதி குறிக்கக் கூடாது. பெற்றோர் நேரடியாக மறுத்துச் சொல்ல மாட்டார்கள். நிலவரம் தெரிந்தவர் அந்த வீட்டின் பிள்ளை, அதாவது உங்கள் ஜப்பான் அக்காவோ தம்பியோதான். அவர்களிடம் ‘லைன்’ செயலியில் தனியாகக் கேளுங்கள்: அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, அப்பா இன்னும் கார் ஓட்டுகிறாரா, என் பழைய அறை இப்போது என்னவாக இருக்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் வந்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

| வழி | அவர்களுக்கு வேலை | உங்களுக்குச் செலவு | வெளியில் தெரியாத சுமை | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| அவர்கள் வீட்டில் தங்குவது | மிக அதிகம் | குறைவு | படுக்கை, குளியல், விசா ஆவணங்கள் | தனியாகப் போகிறவர், ஓரிரு இரவுகள் |
| அருகில் ஹோட்டல் | நடுத்தரம் | கூடுதல் | “ஏன் இங்கே தங்கவில்லை?” என்ற வருத்தம் | குடும்பத்தோடு போகிறவர், வயதான பெற்றோர் |
| இங்கே அழைப்பது | பயணக் களைப்பு | அதிகம் | பாஸ்போர்ட், உணவு, உறவினர் வீட்டு விருந்து | உடல்நலமுள்ள, பயணம் பழகிய குடும்பம் |
| மூன்றாம் நாட்டில் சந்திப்பது | நடுத்தரம் | நடுத்தரம் | வீடும் இல்லை, ஊரும் இல்லை | ஜப்பான் அக்கா, தம்பிகளைப் பார்க்க |
| இப்போதைக்குக் கடிதமும் அழைப்பும் | மிகக் குறைவு | மிகக் குறைவு | தள்ளிப்போட்டுக்கொண்டே இருத்தல் | தொடர்பு விட்டுப்போனவர் |

## அவர்கள் வீட்டிலேயே தங்குவது

இதில் கிடைப்பது வேறெதிலும் கிடைக்காது. விடியற்காலையில் அரிசிக் குக்கரின் ஓசை, மிசோ சூப்பின் மணம், செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு நம்மை நிமிர்ந்து பார்க்கும் அப்பா. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாத்திரம் கழுவியபடியே அம்மா சொல்லும் ஊர்க்கதைகள் பகல் விருந்தாளியின் காதில் விழாதவை.

அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையை மட்டும் கணக்கில் எடுங்கள். குளியலறையிலிருந்து தொடங்குவோம். ஜப்பானிய வீட்டில் உடம்பை வெளியே தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டியில் இறங்குவார்கள். ஒரே நீரில் வீடு முழுவதும் குளிக்கும். விருந்தாளிக்கு முதல் முறை, பெரும்பாலும் அம்மாவுக்குக் கடைசி முறை. ஒருவர் போனால் ஒன்றும் தெரியாது. நான்கு பேராகப் போனால் அந்த அம்மா தொட்டியில் இறங்கும்போது இரவு பதினொன்று தாண்டியிருக்கும். மறுநாள் எல்லோருக்கும் முன்பாக எழுகிறவரும் அவர்தான்.

படுக்கையும் அப்படியே. ஃபுத்தோன் மெத்தைகளை அலமாரியிலிருந்து இறக்கி, வெயிலில் காயப்போட்டு, உறை மாற்றி, பாய் பரப்பிய தத்தாமி அறையில் விரிக்க வேண்டும். கனசாவாவிலோ வெயிலுக்கே காத்திருக்க வேண்டும். “மதியச் சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே” என்று சொல்லும் ஊர் அது. வீட்டில் மெத்தை போதாவிட்டால் வாடகைக்கு எடுப்பார்கள். அதற்கென்றே கடைகள் உண்டு. அந்த வாடகை உங்கள் காதுக்கு எட்டாது.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். சூப்பிலும் குழம்பிலும் அடிப்படையாக இருக்கும் தாஷி என்னும் சாறு பெரும்பாலும் காய்ந்த கத்சுவோ மீனிலிருந்து இறக்கப்படுவது. அன்று மாணவராக இருந்தபோது எதையும் சாப்பிட்டிருப்பீர்கள். இன்று உடன் வரும் மாமியார் சாப்பிட மாட்டார். ஒவ்வொரு வேளையும் தனிச்சமையல் என்றால் அம்மாவின் நாள் அடுப்படியிலேயே கழியும். கொம்பு என்னும் கடற்பாசியில் தாஷி எடுக்கலாம் என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

காகித வேலையும் உண்டு. அறிந்தவர்களைப் பார்க்கப் போவதாக விசாவுக்கு விண்ணப்பித்தால் அழைப்புக்கான காரணத்தை விளக்கும் கடிதமும் பயணத் திட்டமும் ஜப்பானிலிருந்து வர வேண்டும். செலவை அவர்கள் ஏற்பதாக இருந்தால் உத்தரவாதக் கடிதம், வருமானச் சான்று, குடியிருப்புச் சான்று என்று பட்டியல் நீளும். எழுபது வயதுக்காரரை நகராட்சி அலுவலகத்துக்கு நடக்கவிடுவதா என்று யோசியுங்கள்.

தனியாகப் போகிறீர்கள், பெற்றோர் திடமாக இருக்கிறார்கள், “எந்தத் தேதியில் வருகிறாய், எத்தனை இரவு?” என்று அவர்களே கேட்கிறார்கள் என்றால் தயங்காமல் அங்கே தங்குங்கள். இரண்டு இரவு போதும். குளித்தபின் தொட்டி நீரைத் திறந்துவிடாதீர்கள், காலையில் மெத்தையை நீங்களே மடித்து வையுங்கள், குப்பையை அந்தந்த நாளுக்கு உரியபடி பிரித்துப் போடுங்கள். பதினாறு வயதில் அந்த அம்மா கற்றுக்கொடுத்தது உங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது என்று தெரியும்போது அவர் முகத்தில் வரும் மகிழ்ச்சியை எந்தப் பரிசாலும் கொண்டுவர முடியாது.

## அருகில் ஹோட்டலில் தங்கி, வீட்டுக்குப் போய்வருவது

நான் பரிந்துரைக்கும் வழி இது. சொந்தச் செலவில், ஹோட்டல் முன்பதிவோடு, சுற்றுலா விசாவில் போவதால் ஜப்பான் குடும்பம் ஒரு காகிதமும் அனுப்ப வேண்டியதில்லை. இந்தியாவில் வசிப்பவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் சுற்றுலாவுக்கு இ-விசா கிடைக்கிறது, விண்ணப்பம் விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையம் வழியாகப் போகும்.

கனசாவா ரயில் நிலையத்தைச் சுற்றி நடுத்தர ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன. டோக்கியோவிலிருந்து ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். இந்தத் தடம் 2015 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் இருந்தவர்களுக்கு இந்த வேகம் புதிது. ஒசாகா வழியாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2024 மார்ச்சில் ஷிங்கன்சென் சுருகா நகர் வரை நீட்டிக்கப்பட்டபின், அன்று நாம் ஏறி உட்கார்ந்தால் நேராகக் கனசாவாவில் இறக்கிவிட்ட தண்டர்பேர்ட் ரயில் சுருகாவோடு நின்றுவிடுகிறது. பெட்டிகளோடு அங்கே மாற வேண்டும்.

சுற்றுலாக்காரர்களுக்கான ஏழு நாள் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோ–கனசாவா போய்வர முப்பதாயிரம் யென்னுக்குள் முடிந்துவிடும். குடும்பத்தைப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் தனி டிக்கெட்டே மலிவு. மிச்சமாகும் பணத்தில் ஹோட்டல் வாடகையின் ஒரு பகுதி வந்துவிடும்.

இந்த வழியின் மறைந்த விலை பணத்தில் இல்லை. “நம் வீடு இருக்கும்போது ஹோட்டல் எதற்கு?” என்று ஒரு மனக்குறை எழலாம். அதைத் தவிர்க்க முன்பதிவு செய்யும் முன்பே சொல்லுங்கள்: “பிள்ளைகள் இரவில் அழுவார்கள், அதனால் பக்கத்தில் தங்குகிறோம். சனிக்கிழமை காலை பத்து மணி முதல் இரவு வரை உங்கள் வீட்டில்தான் இருப்போம்.” காரணம் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், “உங்களுக்குச் சிரமம் வேண்டாம்” என்று சொன்னால் சிரமமே இல்லை என்று அவர்கள் வாதாடத் தொடங்குவார்கள்.

அந்த ஒரு நாளில் ஒரு வேளைச் சமையலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இட்லிமாவுச் சாகசம் வேண்டாம். சாம்பார்ப்பொடியும் பெருங்காயமும் பொட்டலத்தில் போதும், அரிசியும் காயும் அங்கே இருக்கின்றன. பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். தாவர, விலங்கு நோய்கள் நுழையாமல் தடுக்கும் விமான நிலையச் சோதனையில் பிடித்துக்கொள்வார்கள். மறுநாள் அவர்களை வெளியே சாப்பிட அழைத்துப்போய், பில் மேசைக்கு வரும் முன்பே பணத்தைக் கட்டிவிடுங்கள். அப்பா இன்னும் கார் ஓட்டுகிறாரா என்று அக்காவிடம் கேட்டது இங்கேதான் உதவும். முதியவர்கள் ஓட்டுநர் உரிமத்தைத் தாங்களாகவே திருப்பிக் கொடுப்பது அங்கே வழக்கமாகிவருகிறது. அப்படியானால் டாக்சி உங்கள் பொறுப்பு.

பரிசு விஷயத்தில் பட்டும் வெள்ளியும் வேண்டாம். விலை உயர்ந்ததை வாங்கினால் அதில் பாதி மதிப்புக்காவது திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கடமை அவர்கள் மேல் விழும். சாப்பிட்டுத் தீர்ந்துபோவதே நல்லது: கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு. கூடவே, அன்றைய புகைப்படங்களை அச்சிட்டு ஒட்டிய ஒரு சிறு ஆல்பம்.

எப்போது போவது? ஏப்ரல் இறுதியிலிருந்து மே முதல் வாரம் வரையிலான பொன்வார விடுமுறையில் ரயிலிலும் ஹோட்டலிலும் இடம் கிடைப்பது அரிது. புத்தாண்டு அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம். மே நடுப்பகுதியும் அக்டோபர் பிற்பகுதியும் எனக்குப் பிடித்தவை. பனிக்காலத்தில் முதியவர்களை வெளியே அழைக்கவே கூடாது.

## வீட்டில் ஒருவர் இல்லாமல் போயிருந்தால்

இது தனி வழி அல்ல. எந்த வழியைத் தேர்ந்தாலும் அதை மாற்றிவிடும் நிலை. வழக்கமாக வரும் புத்தாண்டு அட்டை ஓராண்டு வராமல் போனால் மனம் நொந்துகொள்ளாதீர்கள். துக்கம் நடந்த வீடு அந்த ஆண்டு புத்தாண்டு வாழ்த்து அனுப்பாது. அதைத் தெரிவிக்கும் அட்டையை ஆண்டு முடியும் முன்பே உள்ளூரில் அனுப்பிவிடுவார்கள், வெளிநாட்டுக்கு அனுப்ப விட்டுப்போயிருக்கலாம்.

அப்பாவோ பாட்டியோ மறைந்துவிட்டார்கள் என்றால் மூன்றாம் நாடு, இந்திய அழைப்பு எல்லாம் பின்னால் போகட்டும். முதலில் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பெரும்பாலான பழைய வீடுகளில் புத்துசுதான் என்ற பூசைமாடம் இருக்கும். “ஊதுவத்தி ஏற்ற வரலாமா?” என்று கேட்டாலே போதும், அந்தக் கேள்வியை அவர்கள் மறக்க மாட்டார்கள். மெழுகுவத்தியிலிருந்து ஊதுவத்தியைப் பற்றவையுங்கள். சுடரை வாயால் ஊதக் கூடாது. கையால் விசிறி அணைக்க வேண்டும். கிண்ணமணியை மெல்லத் தட்டி, கைகூப்பி, பிறகு வீட்டாரைப் பார்த்துத் தலைவணங்கினால் போதும். சிலர் ஊதுவத்தியை நட்டுவைக்காமல் முறித்துப் படுக்கவைப்பார்கள். வீட்டார் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். கொண்டுபோன இனிப்பை முதலில் மாடத்தின் முன் வைப்பார்கள். அங்கே வைத்திருக்கும் படத்தில் இருப்பவர் உங்களுக்கு ஜப்பானிய எழுத்து சொல்லிக்கொடுத்தவராக இருக்கலாம்.

முன்னோரை வரவேற்கும் ஓபோன் நாட்களில் போக அவர்களே அழைத்தால் போங்கள். ஜப்பானின் பெரும்பகுதியில் அது ஆகஸ்ட் நடுவில். கனசாவா நகரின் பழைய பகுதிகளில் ஜூலை நடுவில்.

## அவர்களை இங்கே அழைப்பது

ஓராண்டு சோறு போட்டவர்களுக்கு நம் வீட்டில் இலை போட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. சட்டப்படி எளிதும்கூட: ஜப்பானியக் குடிமக்களுக்கு 2016 முதல் சென்னை உள்ளிட்ட சில விமான நிலையங்களில் வந்திறங்கியதும் விசா கிடைக்கும், 60 நாள் வரை தங்கலாம்.

ஆனால் அழைக்கும் முன் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று அக்காவிடம் கேளுங்கள். ஜப்பானியர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவரிடம்தான் அது இருக்கிறது. யென்னின் மதிப்பும் சில ஆண்டுகளாகச் சரிந்து கிடக்கிறது. வெளிநாட்டுப் பயணம் ஓய்வூதியக்காரர்களுக்குச் சுமை. டிக்கெட்டை நீங்கள் எடுத்துக்கொடுப்பதாகச் சொன்னால் ஏற்கக் கூச்சப்படுவார்கள். வந்திறங்கியபின் ஹோட்டலும் காரும் உங்கள் பொறுப்பு என்பதை மட்டும் எளிதாக ஒப்புக்கொள்வார்கள்.

நம் பந்தியை நினைத்துப் பாருங்கள். தட்டில் மிச்சம் வைப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. இலை காலியானால் மறுபடி பரிமாறுவது நமக்கு மரியாதை. அவர்கள் முடிக்க முடிக்க நாம் வைத்துக்கொண்டே போவோம், அவர்கள் திணறிக்கொண்டே சாப்பிடுவார்கள். போதும் என்றால் இலைக்கு மேல் கையை வைத்து மறைக்கும்படி முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். பெரியப்பா வீடு, சித்தி வீடு என்று விருந்து வரிசை வைக்காதீர்கள். நாளுக்கு ஒரு வீடுகூட அதிகம். இந்திய வெயில் அவர்களுக்கு ஆகாது என்பதால் டிசம்பர் பிற்பகுதி முதல் பொங்கல் வரையான காலமே சரி.

அறுபதுகளில் இருக்கும், வெளிநாடு பழகிய பெற்றோர், கூட வர ஜப்பான் அக்கா, இங்கே உங்கள் கல்யாணம் போன்ற ஒரு காரணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஒன்று குறைந்தாலும் நீங்களே போங்கள்.

## மூன்றாம் நாட்டில் சந்திப்பது

பெற்றோருக்கு இது பொருந்தாது. உங்கள் வயதையொத்த ஜப்பான் சகோதரர்களைப் பார்க்க வசதியானது. கோலாலம்பூருக்குச் சென்னை, திருச்சியிலிருந்து சுமார் நான்கு மணி நேரம், டோக்கியோவிலிருந்து ஏழு மணி நேரத்துக்கு மேல். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சைவச் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. நீங்கள் இருவரும் அங்கே விருந்தாளிகள் என்பதால் யார் செலவு செய்வது என்ற இழுபறியும் குறையும்.

## இப்போதைக்குக் கடிதமும் அழைப்பும்

பல ஆண்டுகள் தொடர்பே இல்லை என்றால் இதில்தான் தொடங்க வேண்டும். பழைய முகவரிக்குக் கையால் எழுதிய கடிதம், உள்ளே இன்றைய குடும்பப் படம். வீடு மாறியிருந்தால் ஜப்பான் அஞ்சல் துறை ஓராண்டு வரைதான் புது முகவரிக்குத் திருப்பிவிடும். கடிதம் திரும்பி வந்தால் உங்களை அனுப்பிய அமைப்பின் வழியாகக் கேளுங்கள். அவர்கள் முகவரியைத் தர மாட்டார்கள்; உங்கள் கடிதத்தைச் சேர்த்துவிட முடியுமா என்று கேட்பதே முறை.

வீடியோ அழைப்புக்கு நேரம் பாருங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே வேலை முடித்து இரவு எட்டுக்கு அழைத்தால் அங்கே பதினொன்றரை. ஞாயிறு காலை பத்து மணி என்றால் அவர்களுக்கு மதியம் ஒன்றரை, சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவு நிலநடுக்கம் உலுக்கியபோது, இஷிகாவாவில் இருந்து திரும்பிய எங்களில் பலர் பழைய எண்களைத் தேடி எடுத்தோம். எண் கையில் இல்லாதவர்கள் செய்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நேரில் போவது இரண்டு ஆண்டு தள்ளிப்போனாலும் நடப்பில் உள்ள ஒரு எண்ணாவது உங்களிடம் இருக்கட்டும்.

பெற்றோருக்கு எழுபத்தைந்து தாண்டியிருந்தால் மட்டும் இந்த வழியோடு நின்றுவிடாதீர்கள். பணம் சேரட்டும், பிள்ளைகளின் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் நீங்கள் ஒருவராவது போய்வாருங்கள். குடும்பத்தோடு போவது அடுத்த முறை ஆகட்டும்.

தேதி கேட்டு எழுதும்போது “எப்போது வரட்டும்?” என்று விட்டுவிடாதீர்கள். மூன்று தேதிகளை நீங்களே குறிப்பிட்டு, முதலில் அக்காவுக்கு அனுப்புங்கள். அவர் பெற்றோரிடம் பேசி, மருத்துவமனை நாள், சுற்றத்தின் சடங்கு நாள் எல்லாம் தள்ளி ஒன்றைச் சொல்வார். அதன் பிறகு அம்மாவுக்கு எழுதுங்கள், டிக்கெட்டை அதற்கும் பிறகு எடுங்கள்.